மூன்றாவது கையெழுத்து

வேண்டாம் சார், மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றுமில்லை. மேலே வைத்தால் டிரைவர் ஒரு பிரேக் போட்டதும் உருண்டு விழும். எரிந்துபோன சாமான்தான், ஆனாலும் கம்பி சுற்றியிருக்கிற சட்டம் உடையாமல் சென்னை போய்ச் சேர வேண்டும்.

காயில் சார். செம்புக் கம்பி சுற்றிய காயில். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். ரிச்சி தெருவில் ஒருவர் இந்த மாதிரிச் சின்னக் காயில்களைப் பழையபடி சுற்றித் தருகிறாராம். பாண்டிச்சேரியில் மோட்டாருக்குச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் காட்டினால் சிரிக்கிறார்கள். ஒருவர், "பொம்மைக்கா பெரியவரே?" என்றார்.

பொம்மை என்றும் சொல்லலாம். பிளிப்பர் என்று பெயர். வெளிநாட்டு சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நாலு கால் வைத்த சாய்ந்த பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே ஒரு இரும்புக் குண்டு ஓடும். ஓடி அங்கங்கே இடிக்கும். இடித்தால் மணியடிக்கும், விளக்கெரியும், எண் ஏறும். கடைசியில் கீழே இருக்கிற பள்ளத்தில் விழப் பார்க்கும். விழாமல் தட்டிவிட இரண்டு சின்னக் கைகள் உண்டு. பெட்டியின் இரண்டு பக்கமும் பொத்தான். இடது பொத்தானை அமுக்கினால் இடது கை தட்டும், வலதை அமுக்கினால் வலது கை. அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு உள்ளே நூறு காண்டாக்ட், முப்பது ரிலே, எங்கே போகிறது என்று தெரியாத கம்பி.

ஆமாம், வீட்டில்தான். கூடத்தில் நிற்கிறது. சோபாவை அதற்காக வராந்தாவுக்குத் தள்ளினோம்.

என் மனைவியின் அண்ணன் ஆல்பேர் சொல்தா. பாண்டிச்சேரியில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் துலோன் துறைமுகத்தில் இருந்தார். அவர் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு காபிக்கடை. கடையை மூடியபோது அங்கே இருந்த பிளிப்பரை இவர் வாங்கிவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பும்போது கட்டில், பீரோவோடு அதையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய சொல்தாக்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு குண்டு. அதற்கு மேல் கிடையாது, ஆல்பேர் மச்சான் போட்ட சட்டம். எண்ணை ஒரு அட்டையில் எழுதி வைப்பார். போன வருஷம் இறந்துபோனார். அவர் போன மறு மாதமே மெஷினும் அணைந்தது.

வருகிற சனிக்கிழமை அவருக்கு வருஷப் பூசை. சொல்தாக்கள் வீட்டுக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு குண்டு விளையாடிவிட்டுப் போகவேண்டும் என்று ரெஜினுக்கு ஆசை. ரெஜின் என் மனைவி. "அன்னிக்கு ஓடலன்னா, ஒரு துணி போட்டு மூடிடுவேன். அப்புறம் யாரும் திறக்க வேணாம்" என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. முப்பத்திமூன்று வருஷத்தில் எதற்கும் கெடு வைத்ததில்லை.

நான் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் சார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இப்போதைய கம்ப்யூட்டர் இல்லை, பழையது. ஒரு கூடம் முழுக்க ரிலே, அதாவது கரண்ட் வந்தால் தானாகத் தட்டிக்கொள்கிற சுவிட்ச். நீங்கள் ஒரு எண்ணைச் சுழற்றினால் அங்கே நாற்பது ரிலே டக்டக்கென்று விழும். அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்தவன். என்னிடம் ஒரு விளையாட்டு மெஷின் எம்மாத்திரம்? பின்பலகையைத் திறந்தேன். ஃப்யூஸ் போயிருந்தது. மாற்றினேன், மறுபடி போனது. மறுபடி மாற்றினேன், மறுபடி போனது. கொஞ்சம் கெட்டியான கம்பியாகப் போட்டேன். போகவில்லை. விளக்கெல்லாம் எரிந்தது. எண் ஏறவில்லை, மணி அடிக்கவில்லை, கைகள் அசையவில்லை. ஆனால் விளக்கு எரிந்ததா இல்லையா? நான்கு நாளில் அவ்வளவு. இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் மிச்சமும் வந்திருக்கும்.

ரெஜின் கொடுக்கவில்லை. "உங்க எக்ஸ்சேஞ்சுல ஒருத்தர் இருந்தாரே, சத்தத்த வச்சே கண்டுபிடிப்பார்னு சொல்லுவீங்களே" என்றாள்.

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் சார். சொல்லியிருந்தாலும் கேலியாகத்தான் சொல்லியிருப்பேன்.

சிகாமணி. தெய்வசிகாமணி என்று முழுப் பெயர். எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். காது நல்ல காதுதான், இல்லை என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரிலே வரிசைக்கு நடுவே நடப்பான். ஒரு இடத்தில் நிற்பான். "இங்க ஒண்ணு இருமுது" என்பான். மேலதிகாரிகள் வந்தால் கண்ணை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடுவான்.

அவனுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அதைச் சொல்ல வேண்டும். புயல் அடித்த வருஷம், வெளியூர் லைன் எல்லாம் செத்துக் கிடக்கிறது. இரண்டு நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படிப் பிரிப்போம் தெரியுமா? காண்டாக்ட் என்பது இரண்டு தகடு. தொட்டால் கரண்ட் போகும், விலகினால் நிற்கும். நடுவில் ஒரு துண்டுத் தாளைச் செருகிவிட்டால் அந்த வழி அடைபட்டது. பிறகு மிச்சத்தைச் சோதிக்கலாம். ஆனால் தாளைச் செருகிவிட்டு மறந்துபோனால் அதுவே ஒரு பழுதாகிவிடும், இல்லையா? அதனால் எங்களுக்கு ஒரு விதி. எந்தத் தாளிலும் மூன்று கையெழுத்து. வைத்தவன் முதலெழுத்துப் போட்டு மணி எழுத வேண்டும். எடுத்தவன் அதன் கீழே போட்டு மணி எழுத வேண்டும். எடுத்தவன் அந்தத் தாளை வைத்தவன் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வைத்தவன் பார்த்து மூன்றாவது கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பழுது முடிந்ததாக அர்த்தம். ஃபைலுக்குப் போகும். மூன்றாவது கையெழுத்து இல்லாத தாள் இருந்தால் பழுதுக் கணக்கை மூட விடமாட்டார்கள்.

நான் தாளை வைத்துவிட்டு ஷிப்டு முடிந்து போனேன். அடுத்த ஷிப்டில் இவன் வந்தான். என் தாள் இருந்த இடத்துக்குப் பக்கத்து ரிலே. பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். பத்து நிமிஷம்! இரண்டு நாள் சுற்றிவளைத்து அந்த மூலை வரைக்கும் கொண்டுவந்தது யார்? மறுநாள் காலையில் தாளோடு வந்து நிற்கிறான், "அண்ணே, மூணாவது போடுங்க." போட்டேன். போடாமல் இருக்க முடியுமா. பாராட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னான், "பாதி வேலை சவரிராயன் அண்ணனோடது." பாதி! கேட்டீர்களா? சபையில் வைத்துப் பாதி என்றான்.

அந்த சிகாமணி என் வீட்டுக்கு வந்தான். ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். பிளிப்பருக்கு அடியில் படுக்கப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி?

"அண்ணே, எப்பிடி இருக்கீங்க. அண்ணி, வணக்கம்."

அண்ணி. எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது அவன் என் வீட்டுக்கு மொத்தம் இரண்டு தரம் வந்திருப்பான். இவள் என்ன சொல்கிறாள்? "வாங்க தம்பி." அறுபத்தோரு வயதுத் தம்பி.

பின்பலகையைத் திறந்தான். முதலில் ஃப்யூஸைப் பார்த்தான். நான் போட்ட கெட்டிக் கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ரெஜின் பக்கத்தில்தான் நின்றாள். அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சரியான ஃப்யூஸை மாட்டினான். "என்ன அது தம்பி?" என்றாள். "ஒண்ணுமில்ல அண்ணி, பழசு" என்றான். சொல்லியிருக்கலாம் அல்லவா? உங்கள் வீட்டுக்காரர் போட்ட கம்பியால் வீடே பற்றியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

பிறகு, "ஃபேன நிறுத்துங்கண்ணே" என்றான். சத்தம் கேட்க வேண்டுமாம். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "போடுங்கண்ணே." போட்டேன். "நிறுத்துங்கண்ணே." இப்படி என் வீட்டில் எனக்கு ஃபேன் சுவிட்ச் வேலை. பத்து நாள்.

கேக் வேறு. எனக்குச் சர்க்கரை என்று மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் கேக் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக்கூடக் கிடையாது. இரண்டாம் நாள் நாலு மணிக்கு முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. "நீங்க சாப்பிடக் கூடாது, தம்பிக்கு மட்டும்" என்றாள். அவன் தின்றான். தின்றுவிட்டு, "வனிலா கொஞ்சம் தூக்கல், ஆனா அதான் நல்லாருக்கு" என்றான். நாக்கிலும் காது வைத்திருக்கிறான்.

சர்க்யூட் படம் ஒன்று இருந்தது, மேஜை அளவு. எல்லாம் பிரெஞ்சில். எனக்கு பிரெஞ்சு தெரியாது, நான் திண்டிவனம். அவனுக்கும் தெரியாது. ரெஜினுக்குத் தெரியும். அவள் படித்துச் சொல்வாள், அவன் அது என்ன ரிலே என்று விளக்குவான். சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து இரண்டு தலையும் அதன்மேல் கவிழ்ந்திருக்கும். இவள் விரல் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், அவன் பென்சில் இன்னொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு வரும். "அண்ணி, இது திறந்திருக்கணுமா மூடியிருக்கணுமா?" "மூடி." "அப்ப இங்க கரண்ட் வரணும்." "வரலியே." "அதான் பழுது!" என்பான். இருவரும் சிரிப்பார்கள். கரண்ட் வராததில் என்ன சிரிப்பு? நான் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒரே பக்கத்தை.

நானும் சொல்லிக் கொடுத்திருப்பேன் சார். அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எண் ஏற ஆரம்பித்தது. வலது கை தட்டியது. "ஒரு குண்டு விடுங்கண்ணி, நான் கேக்கறேன்" என்று சொல்லித் தரையில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டான். ரெஜின் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினுக்கு முன்னால் நின்றாள்.

சார், நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆல்பேர் மச்சான் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் இருப்பாள். அவள் விளையாடி நான் பார்த்ததில்லை. இடுப்பை மெஷினில் சாய்த்துக்கொண்டாள். குண்டு வந்ததும் உடனே தட்டவில்லை. மெஷினின் கையைத் தூக்கி அதன்மேல் குண்டை நிறுத்தினாள். நிறுத்தி, யோசித்து, மெல்ல உருளவிட்டு, அடித்தாள். மணி நிற்கவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே குண்டு.

அவன் கண்ணைத் திறந்துவிட்டான். "அண்ணி! எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அண்ணன் வீட்டில் துலோனில் இருந்தாளாம். அது எனக்குத் தெரியும். சாயங்காலம் காபிக்கடையில் இதே மெஷினில்தான் விளையாடுவாளாம். கப்பல்காரர்கள் சுற்றி நின்று பார்ப்பார்களாம். அவளுடைய எண்ணை மூன்று வருஷம் எவனும் தாண்டவில்லையாம். கடைக்காரர் சுவரில் அவள் பெயரை எழுதி வைத்திருந்தாராம். இது எனக்குத் தெரியாது. அவன் "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவன் போனதும் கேட்டேன். "இத்தன வருஷம் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

கேட்க வேண்டுமென்றால் முதலில் தெரிய வேண்டும் அல்லவா? தெரியாததை எப்படிக் கேட்பது? நீங்களே சொல்லுங்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறேன். உப்புக் காற்று. காயிலுக்கு ஆகாது.

எட்டாம் நாள், அடுத்த திங்கட்கிழமைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. விளக்கு, மணி, எண், இரண்டு கையும். செவ்வாய் ஒருநாள் வந்து கடைசியாகப் பார்த்துவிட்டால் முடிந்தது. செவ்வாய் காலையில் ரெஜின் தோசை ஊற்றிக்கொண்டே, "இன்னியோட முடிஞ்சுது. நாளைலருந்து நாலு மணிக்கு என்ன பண்றதுன்னே தெரியாது" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

மத்தியானம் அவள் பீடத்துக்குப் பூ வைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கினேன்.

இதில் சூட்சுமம் இருக்கிறது, கேளுங்கள். ஒவ்வொரு கைக்கும் அடியில் இந்த மாதிரி ஒரு காயில். இதில் இரண்டு சுற்று. தடித்த கம்பி ஒன்று, மெல்லிய கம்பி ஒன்று. தடித்தது அடிக்க, மெல்லியது பிடித்து நிற்க. பொத்தானை அமுக்கியதும் தடித்தது ஒரே இழுப்பில் கையைத் தூக்கும். தூக்கி முடிந்ததும் அந்தக் கையே ஒரு காண்டாக்டைத் தள்ளித் திறந்துவிடும். தடித்தது ஓய்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் மெல்லியது தாங்கும். அந்தக் காண்டாக்டில் தாள் வைத்தால் என்ன ஆகும்? தடித்ததற்குப் போகவேண்டிய பலம் போகாது. கை எழுந்திருக்கும், ஆனால் காய்ச்சல்காரன் எழுந்திருப்பது மாதிரி எழுந்திருக்கும். குண்டை அடிக்காது. பார்க்கிறவன் காயில் போச்சு, கரண்ட் குறைவு, கம்பி பழசு என்று எங்கெங்கோ போவான்.

டைரியில் ஒரு தாள் கிழித்துக் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டினேன். பேனா தேடத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. இடது கையின் காண்டாக்டில் செருகினேன். வெளியே தெரிந்த நுனியைக் கம்பிக் கட்டுக்குப் பின்னால் மடித்துவிட்டேன். பலகையை இறக்கினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன்.

தப்பு என்று முகத்தில் எழுதியிருக்கிறது உங்களுக்கு. தப்பில்லை சார், சோதனை. எங்கள் பயிற்சியில் வேண்டுமென்றே பழுது வைப்பார்கள், கண்டுபிடி என்பார்கள். இவ்வளவு காது இருக்கிறதே, கண்டுபிடிக்கட்டுமே.

கண்டுபிடிக்கவில்லை! செவ்வாய் முழுக்கத் தேடினான். புதன் முழுக்கத் தேடினான். ஏன் தெரியுமா? அந்தக் காண்டாக்டை அவனே திங்கட்கிழமை தேய்த்துச் சுத்தம் செய்திருந்தான். தானே சுத்தம் செய்த காண்டாக்டை எங்கள் ஆள் மறுபடி பார்க்க மாட்டான். அது சரியாகத்தான் இருக்கும், மற்றதைப் பார்ப்போம் என்று தாண்டிப் போய்விடுவான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கிற பலவீனம் அது. அவன் காதுக்கும் கேட்காது, தாளுக்குச் சத்தம் ஏது.

புதன் சாயங்காலம் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, நீங்க ஒரு தரம் பாருங்களேன்" என்றான். அந்த வார்த்தைக்காக இருபத்தேழு வருஷம் காத்திருந்தேன் சார். "நீயே பாரப்பா, உனக்குத்தான் காது இருக்கே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ரெஜின் என்னைப் பார்த்தாள். கேக்கை யாரும் தொடவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பழுது இல்லையென்றால் அவன் புதன்கிழமை வந்தே இருக்க மாட்டான். வியாழனும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வரவேண்டாம் என்று நினைத்து நான் செய்த காரியத்தால் இன்னும் வந்துகொண்டிருந்தான்.

வியாழன் காலையில் நான் இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று, சாப்பிட்ட பின்னால் ஒன்று. வீடு திரும்பப் பதினொன்றரை. ரெஜின் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு, முழங்கைவரை மை. அடுப்பைத் துடைத்திருப்பாள் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பாமலே, "சிகாமணி தம்பிக்குப் போன் பண்ணி இனிமே வர வேணாம்னுட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"நீங்களே பாருங்க. உங்களால முடியும்."

கேட்டீர்களா? உங்களால முடியும். அவள் வாயால். அன்றைக்கு எனக்குச் சர்க்கரை நூற்றெண்பது. இருந்தாலும் மத்தியானம் அந்தப் பழைய கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தின்றேன். அவளும் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொண்டேன். பலகையைத் தூக்கப் போகிறேன், "ஒரு தரம் அடிச்சுப் பாத்துட்டு அப்பறம் திறங்களேன்" என்றாள்.

எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். கை வைப்பதற்கு முன்னால் சோதி. அவள் எனக்குச் சொல்கிறாள்! பழுது எங்கே என்று தெரிந்தவனுக்குச் சோதனை எதற்கு? "எனக்குத் தெரியும்மா, நீ தள்ளி நில்லு" என்றேன். தள்ளி நின்றாள்.

தூக்கிப் பார்த்தால் தாள் இல்லை. நம்ப முடியவில்லை. விரலை விட்டுத் தடவினேன், இல்லை. சரி, அதிர்ச்சியில் நழுவிப் பெட்டிக்குள் விழுந்திருக்கும். அடியில் நாற்பது வருஷத் தூசி, யார் தேடப் போகிறார்கள். ஆனால் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது செய்ய வேண்டுமே? அந்தத் தகடு இரண்டையும் குறட்டால் பிடித்து இறுக்கமாக வளைத்துவிட்டேன். நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும் என்று. இறக்கினேன், சுவிட்ச் போட்டேன். "ம், அடி" என்றேன்.

அடித்தாள். சார், இடது கை அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. குண்டு உச்சிக்குப் போய் இடித்தது. நான் சிகாமணியைத்தான் நினைத்தேன், இங்கே இல்லாமல் போனானே என்று. குண்டு இறங்கி வந்தது. அவள் கையைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினாள், அவள் வழக்கம்போல. நிறுத்தி, யோசித்தாள்.

முதலில் வாடைதான் வந்தது. வார்னிஷ் வாடை. பிறகு கைக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு. நான் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

இறுக்கி வளைத்ததால் தகடு விலகவில்லை. விலகாததால் தடித்த சுற்று ஓயவில்லை. எரிந்துவிட்டது. அது கண்கூடு. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பத்து நாள் அவன் அதை நோண்டியிருக்கிறான். என்னென்ன செய்து வைத்துவிட்டுப் போனானோ. ரெஜினிடமும் அதைத்தான் சொன்னேன், "அவன் கை பட்ட எடம்." அவள் புகை போக ஜன்னலைத் திறக்கப் போனாள். சனிக்கிழமை, அவன் விட்டுப்போன, ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னை வைத்து அவளே காயிலைக் கழற்றினாள். நான் விளக்குப் பிடித்தேன். நாலு கம்பிக்கும் நாலு நிற நூல் கட்டி அடையாளம் வைத்தாள். பழகிவிட்டாள்.

"வெள்ளிக்குள்ள சுத்தி வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். "விவரம் உள்ள எழுதி வச்சிருக்கேன், கடையில அத அப்படியே குடுத்தாப் போதும்." காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். இந்தப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புகிறவரைக்கும் ஜன்னலுக்குக் கீழேயே நின்றாள். அவளும் அப்படி நிற்கிறவள் இல்லை.

எத்தனை சுற்றா? உங்களுக்கு இதிலெல்லாம் பழக்கம் உண்டா? இருங்கள், பிரித்துப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

காயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், பூப்போல. இதோ, எழுதியிருக்கிறாள். பொடி எழுத்து. 'தடித்தது நானூற்றைம்பது சுற்று. மெல்லியது ஆயிரத்து ஐந்நூறு. இரண்டும் ஒரே திசை.' திசைகூட எழுதியிருக்கிறாள் பாருங்கள். பின்னால் ஏதோ...

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை சார். நான் வெட்டிய டைரித் தாளின் முதுகில்தான் எழுதியிருக்கிறாள். கட்டைவிரல் அகலம்.

மேலே இருப்பது என் எழுத்து. என் முதலெழுத்து, செவ்வாய், மூன்று பத்து. எழுதாமல் எனக்குத் தாள் வைக்க வராது சார். முப்பத்தோரு வருஷம். கை தானாக எழுதிவிடும். அதற்குத்தான் பேனா தேடினேன்.

இரண்டாவது சிகாமணி எழுத்தில்லை. அவன் எழுத்து எனக்குத் தெரியும். இது ரெஜின். 'ரெ. வியாழன், பத்து ஐந்து.'

வியாழன் பத்து ஐந்துக்கு எடுத்திருக்கிறாள். அவளாகவே. வரிசையாக ஒவ்வொரு காண்டாக்டாகப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். அவள் எதையும் சுத்தம் செய்யவில்லை அல்லவா, அதனால் எதையும் தாண்டியிருக்க மாட்டாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை அந்தக் கை சரியாகத்தான் இருந்தது. ஒரு தரம் அடித்துப் பாருங்கள் என்றாள்.

சிகாமணிக்குச் சொல்லியிருப்பாளா? வரவேண்டாம் என்று மட்டும்தான் சொன்னாளா? அவனுக்குத் தெரிந்திருந்தால்... இல்லை. சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் இந்தத் தாள் என் கைக்கு வந்திருக்காது.

கீழே பாருங்கள், மூன்றாவதாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். வெறும் கோடு. இந்த விதி இவளுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் சொல்லியிருப்பான், கேக்கைத் தின்றுகொண்டே...

இல்லை. நான்தான் சொன்னேன். கல்யாணமான புதிதில். துலோனில் இருந்து வந்த பெண், என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியாது. ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இந்தத் தாளைப் பற்றியே சொன்னேன். யார் வைப்பது, யார் எடுப்பது, யார் மூன்றாவது போடுவது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இதை அப்படியே கடையில் கொடுக்க வேண்டுமாம்.

காயிலைக் கொடுங்கள் சார், நான் வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் பேனா இருக்கிறதா? வேறு தாள் வேண்டாம், இதிலேயேதான். பஸ் கொஞ்சம் ஆடாமல் இருந்தால் தேவலை.

மணி என்ன? எட்டேகாலா? தோராயமாகச் சொல்லாதீர்கள். சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் சார், எழுத வேண்டும்.